ரேடியோ கேசட் பெட்டி வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!



இந்த மாத சுவர் இதழுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, குறைந்த விலையில் ரேடியோவும் கேசட் பிளேயரும் வாங்குவது எப்படி என்பது. "இந்தக் காலத்துல யாருடி கேசட் கேக்குறா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. நானும் அப்படித்தான் சிரித்தேன். ஆனால் இந்த ஆடி மாசம் எங்கள் வீட்டில் அதை வாங்க வேண்டி வந்தது. கையில் இருந்த பணம் 1,500 ரூபாய். அதில் தெரியாமல் நாங்கள் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டோம். அந்தத் தப்பை நீங்களும் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

எதற்காக வாங்கப் போனோம்?

எங்கள் வீட்டில் அப்பாயிதான் மூத்தவங்க. அவங்களுக்கு இரண்டு ஆசை. ஒன்று, ரேடியோ வேணும். இன்னொன்று, தாத்தா குரலைக் கேக்கணும்.

முதலில் ரேடியோ. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு அப்போ ஏழு வயசு. விடிஞ்சு பார்த்தால் தெருவில் ஒரு தென்னை நிக்கவில்லை. மின்கம்பம் எல்லாம் சாஞ்சு கிடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. செல்போன் டவரும் வேலை செய்யவில்லை, செல்போனில் சார்ஜும் இல்லை. டி.வி. சும்மா கருப்புக் கண்ணாடி மாதிரி இருந்தது. அப்போ எங்கள் தெருவில் பேசிக்கொண்டிருந்த ஒரே பொருள் தாத்தாவின் ரேடியோ. நாலு பெரிய கட்டை போட்டு திண்ணையில் வைப்பாங்க. எந்த ரோடு திறந்துச்சு, எங்க முகாம், அடுத்து மழை உண்டா என்று தெருவே உட்கார்ந்து கேட்கும்.

அது வெறும் ரேடியோ இல்லை, டூ-இன்-ஒன். ஒரு பக்கம் ரேடியோ, நடுவில் கேசட். சித்தப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வரும்போது கொண்டுவந்தது. 2020-ல் தாத்தா தவறிவிட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. பரணில் ஏற்றியாச்சு. உள்ளே கட்டையோடவே ஏற்றியாச்சு! இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இரண்டாவது, கேசட். சித்தப்பா வெளிநாட்டில் இருந்தப்போ இப்போ மாதிரி வீடியோ கால் கிடையாது. ஐ.எஸ்.டி. பேசினால் நிமிஷத்துக்கு நிமிஷம் காசு. அதனால் வீட்டில் உள்ளவங்க பேசுறதை கேசட்டில் பதிஞ்சு, ஊருக்கு வந்து திரும்பிப் போறவங்க கையில் கொடுத்து அனுப்புவாங்களாம். கடிதம் மாதிரி. 1994-ல் தாத்தா அப்படிப் பேசி அனுப்பிய ஒரு கேசட்டை சித்தப்பா பத்திரமா திருப்பிக் கொண்டுவந்திருக்காங்க. தாத்தாவுக்குப் படம் மூணு இருக்கு. குரல் இந்த ஒரு கேசட்டில் மட்டும்தான்.

நம்ம ஊரும் ரேடியோவும்

வாங்குற கதைக்குப் போகும் முன்னால் ஒரு சுவையான செய்தி. நம்ம தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு நெல்லுக்கே "ரேடியோ நெல்லு" என்று பேர் இருந்தது தெரியுமா?

அந்த நெல்லின் உண்மையான பெயர் ஆடுதுறை 27. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம். நம்ம நாட்டு நெல்லையும் ஜப்பான் வகை நெல்லையும் ஒட்டி உருவாக்கியது. 1960-களில் இந்தப் புது ரகத்தை எப்படி நாற்று விடணும், எவ்வளவு உரம் போடணும் என்று திருச்சி வானொலியில் விவசாய நிகழ்ச்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் டெல்டா விவசாயிகள் பயிர் வைத்தார்கள். விதை கேட்கப் போறவங்களுக்கு ரகத்தின் நம்பர் வாயில் வராததால் "அந்த ரேடியோ நெல்லு குடுங்க" என்று கேட்டு, அதுவே பெயராகிவிட்டது.

திருச்சி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கியது. அப்பாயி சின்னப் பிள்ளையா இருந்தப்போ வீட்டுக்கு வீடு ரேடியோ கிடையாது. பஞ்சாயத்து ரேடியோதான். சாயங்காலம் ஆனால் குழாய் ஸ்பீக்கரில் போடுவாங்க, எல்லாரும் மணலில் உட்கார்ந்து கேட்பாங்களாம். சொந்தமா ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கணும். அந்த லைசென்ஸ் முறை 1980-களில்தான் போனது. "மாட்டுக்கு லைசென்ஸ் இல்ல, ரேடியோவுக்கு லைசென்ஸ்" என்று அப்பாயி இன்னைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க.

நாங்கள் செய்த தப்பு

ஒரு சனிக்கிழமை அப்பாவும் நானும் தஞ்சாவூர் போனோம். எனக்கு மகளிர் பஸ், அப்பாவுக்கு மட்டும் டிக்கெட். ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் நுழைந்தோம். நிறைய பெட்டிகள் மினுமினு என்று எரிந்தன. ஒன்றில் புளூடூத், பென் டிரைவ், மெமரி கார்டு, கேசட், ரேடியோ எல்லாம் இருந்தது. விலை 3,200. அப்பா என்னைப் பார்த்தாங்க, நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்து சின்னதா சிவப்புக் கலரில் ஒன்று. விலை 1,450. கேசட்டும் ரேடியோவும் உண்டு. கலரைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. "இதையே வாங்கலாம்ப்பா" என்றேன். ரேடியோவில் எந்த அலை வரும், எந்தக் கட்டை போடணும் என்று ஒன்றும் கேட்கவில்லை. "கேசட் இருந்தா போட்டுப் பாருங்க" என்றார் கடைக்காரர். நான் பையிலிருந்து தாத்தா கேசட்டை எடுத்துப் போட்டுவிட்டேன்.

பட்டனை அமுக்கியதும் தாத்தா குரல் வந்தது. ஆனால் கீச்சுக் கீச்சு என்று அணில் மாதிரி வேகமா வந்தது. அப்புறம் முனகுற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் நின்றுவிட்டது. கதவைத் திறந்தால் கேசட்டுக்குள் இருந்த ரிப்பன் வெளியே வந்து உருளையைச் சுற்றிக் கொண்டிருந்தது. கடைக்காரர் இழுக்கக் கையை நீட்டினார். அப்பா "அண்ணே, தொடாதீங்க!" என்று கத்தியதை நான் என் வாழ்க்கையில் அதுக்கு முன்னால் கேட்டதில்லை. அப்பா சத்தம் போட்டே பேச மாட்டாங்க.

ஊசி எடுக்கிற மாதிரி மெதுவா அப்பாவே எடுத்தாங்க. ரிப்பன் அறுந்து போகவில்லை. ஆனால் கொஞ்சம் கசங்கிவிட்டது. பெட்டி வாங்காமலேயே திரும்பினோம். பஸ்ஸில் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மெக்கானிக் மாமா சொன்ன பாடம்

மறுநாள் எங்கள் பக்கத்து ஊரில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்க்கும் ஒரு மாமாவிடம் பழைய டூ-இன்-ஒன்னையும் கேசட்டையும் எடுத்துப் போனோம். அப்பாயியும் கூட வந்தாங்க. மாமா கேசட் நடுவில் உள்ள பல் சக்கரத்தில் பேனாவை விட்டுச் சுற்றி, கசங்கிய இடத்தை வெளியே எடுத்து, மெல்லிய துணி வைத்து நீவிவிட்டாங்க. "பாப்பா, உசுரா வச்சிருக்கிற கேசட்ட சோதனைக்குப் போடலாமா? சோதனைக்குன்னு ஒரு ஒடசல் சினிமாப் பாட்டு கேசட்டு இருக்கணும்" என்றாங்க. இதுதான் முதல் பாடம்.

கேசட் எப்படி வேலை செய்கிறது என்றும் காட்டினாங்க. கேசட்டை 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி அறிமுகம் செய்தது. உள்ளே இருப்பது பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் இரும்புத் துரு மாதிரி ஒரு காந்தப் பூச்சு. நாம் பேசும்போது மைக் ஒலியை மின்சாரமாக மாற்றும், "ஹெட்" என்ற சின்ன மின்காந்தம் அந்த மின்சாரத்தை நாடாவில் காந்தமாக எழுதும். கேட்கும்போது அதே மாதிரி திரும்பி நடக்கும். நம்ம அறிவியல் புத்தகத்தில் வரும் மின்காந்தவியல்தான், வேற ஒன்றும் இல்லை.

நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடணும். இது எல்லா கேசட்டுக்கும் ஒரே கணக்கு. 60 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம், அதாவது 1,800 நொடி. பெருக்கிப் பாருங்கள்: 1,800 × 4.76 = 8,568 செ.மீ. கிட்டத்தட்ட 86 மீட்டர் நாடா அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கு! பெட்டி வேகமா ஓட்டினால் குரல் அணில் மாதிரி, மெதுவா ஓட்டினால் பூதம் மாதிரி கேட்கும். கடையில் எனக்கு அணில் கேட்டப்பவே நான் நிறுத்தியிருக்கணும்.

நாடாவை ஒரே வேகத்தில் இழுப்பது ஒரு மெல்லிய இரும்புக் கம்பியும் அதை அழுத்தும் ரப்பர் உருளையும். மோட்டாரிலிருந்து சக்கரத்துக்கு விசை போவது ரப்பர் பெல்ட் வழியா. நம்ம ஊர் மாவு மில்லில் பெல்ட் ஓடுமே, அதே மாதிரி குட்டி பெல்ட். பழைய பெட்டிகளில் இந்த பெல்ட்தான் முதலில் தளர்ந்து போகும், இல்லை பிசுபிசு என்று உருகிவிடும். உருளை அழுக்காகி வழவழப்பானால் நாடாவைச் சுருட்டிக்கொள்ளும். பல பேர் இதைத் தெரியாமல் "பெட்டி செத்துப்போச்சு" என்று பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுகிறார்கள்.

எங்கள் டூ-இன்-ஒன்னைத் திறந்து பார்த்த மாமா இரண்டு விஷயம் சொன்னாங்க. கேசட் பகுதிக்கு பெல்ட் மாத்தி, ஹெட்டையும் உருளையையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் ஓடும். ஆனால் கட்டை போடுற இடமும் ரேடியோ போர்டும் போச்சு. நாம் உள்ளேயே விட்ட கட்டை ஒழுகி, ஸ்பிரிங்கெல்லாம் பூத்து, செம்புத் தடத்தை அரித்துவிட்டது. கஜாவில் தெருவுக்கே சேதி சொன்ன ரேடியோவை நாங்கள் பரணில் வைத்தே கொன்றுவிட்டோம். பயன்படுத்தாத ரேடியோ, டார்ச் லைட், கடிகாரம் எதுவானாலும் கட்டையை வெளியே எடுத்து வையுங்கள்.

ரெண்டும் ஒண்ணா இருக்கணுமா?

அப்போ மாமா கேட்ட கேள்விதான் எங்களுக்கு வழி காட்டியது. "தம்பி, கேசட்ட எப்பக் கேக்கப் போறீங்க? ரேடியோவ எப்பக் கேக்கப் போறீங்க?" என்று அப்பாவைக் கேட்டாங்க.

யோசித்துப் பார்த்தால், கேசட்டை கரண்ட் இருக்கும்போது கேட்டால் போதும். ரேடியோதான் கரண்ட் இல்லாத நாளில் வேணும். அப்படி இருக்க இரண்டையும் ஒரே பெட்டியில் தேடி, இரண்டும் சுமாராக உள்ளதை ஏன் வாங்கணும்? பழைய பெட்டியில் கேசட்டைச் சரி செய்துகொள்ளலாம், ரேடியோ மட்டும் புதுசா சின்னதா வாங்கலாம். இது எங்கள் மூணு பேருக்கும் அதுவரைக்கும் தோணவே இல்லை.

இதில் பேட்டரிக் கணக்கும் இருக்கு. மாமா மீட்டர் வைத்துக் காட்டினாங்க. கடையில் இருந்த ஒரு டூ-இன்-ஒன்னில் ரேடியோ மட்டும் பாடும்போது சுமார் 40 மில்லி ஆம்பியர் எடுத்தது. கேசட் ஓடும்போது 160. ஏனென்றால் கேசட்டுக்கு மோட்டார் சுத்தணும். ஒரு கட்டையில் 4,000 மில்லி ஆம்பியர் மணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரேடியோவுக்கு 4,000 ÷ 40 = 100 மணி நேரம். கேசட்டுக்கு 4,000 ÷ 160 = 25 மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கேட்டால் ரேடியோ 50 நாள் வரும், கேசட் 12 நாளில் படுத்துவிடும். (சத்தத்தைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம் தீரும்.)

எந்த அலை வேண்டும்?

ரேடியோவில் எம்.டபிள்யூ., எஃப்.எம்., எஸ்.டபிள்யூ. என்று எழுதியிருக்கும். அதாவது மத்திய அலை, பண்பலை, சிற்றலை.

எஃப்.எம். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. பாட்டு சுத்தமா கேட்கும். ஆனால் ரொம்ப தூரம் போகாது. கோபுரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியுற தூரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நீட்டுகிற கம்பிதான் இதற்கு ஏரியல். நம்ம டெல்டாவில் இடத்துக்குத் தகுந்தபடி திருச்சி ரெயின்போ எஃப்.எம். 102.1-லும், காரைக்கால் வானொலி 100.3-லும் கேட்கலாம்.

மத்திய அலை சுமார் 530 முதல் 1,600 கிலோஹெர்ட்ஸ் வரை. இது தரையை ஒட்டியே ரொம்ப தூரம் போகும். திருச்சி வானொலியை நம்ம பெரியவங்க 936-ல் முள்ளை வைத்துக் கேட்டது இதில்தான். அலைநீளக் கணக்கு போட்டால் 936 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 320 மீட்டர்! 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். அலை வெறும் 3 மீட்டர். ராத்திரியில் மத்திய அலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி இன்னும் தூரம் வரும். இலங்கை வானொலித் தமிழ் நிகழ்ச்சிகளை நம்ம டெல்டா வீடுகளில் கேட்டு வளர்ந்ததாக அப்பாயி சொல்வாங்க. மத்திய அலைக்கு ஏரியல் பெட்டிக்குள்ளேயே கருப்புக் குச்சி மாதிரி இருக்கும். அதனால் கம்பியை நீட்டிப் பயன் இல்லை, பெட்டியையே திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கணும்.

ஒரு எச்சரிக்கை. நம்ம நாட்டில் கடந்த சில வருஷங்களாகப் பல மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்திவிட்டு எஃப்.எம்.முக்கு மாறி வருகிறார்கள். அதனால் "தாத்தா காலத்துல வந்துச்சு" என்று நம்பி வாங்காதீர்கள். பக்கத்து வீட்டில் ரேடியோ இருந்தால் இரவல் வாங்கி உங்கள் வீட்டுத் திண்ணையில் எது தெளிவாகக் கேட்கிறது என்று பாருங்கள். முடிந்தால் இரண்டு அலையும் உள்ளதாக வாங்குவது நல்லது. நான் ஆசைப்பட்ட சிவப்புப் பெட்டியின் அட்டையை அப்பா பிறகு ஞாபகப்படுத்திச் சொன்னாங்க, அதில் எஃப்.எம். மட்டும்தான் போட்டிருந்ததாம்.

"செல்போன்லயே ரேடியோ இருக்கே?" என்று கேட்பீர்கள். ஆப் மூலமா கேட்க நெட் வேணும். டவர் விழுந்தால் நெட் இல்லை. சில செல்போனில் நெட் இல்லாமலே எஃப்.எம். வரும், ஆனால் அதற்கு இயர்போன் ஒயரை மாட்டணும், அதுதான் ஏரியல். அப்படியே வந்தாலும் சார்ஜ் போனால் போச்சு. ஒரு அவசர போன் பேச வேண்டிய சார்ஜை ரேடியோவுக்குச் செலவழிக்கலாமா?

கடையில் பார்க்க வேண்டிய எட்டு விஷயங்கள்

1. எந்தக் கட்டை? உங்கள் ஊர் மளிகைக் கடையில் கிடைக்கிற கட்டை போடுகிற பெட்டியா என்று பாருங்கள். சார்ஜ் போடுகிற வகை நல்லதுதான், காசு மிச்சம். ஆனால் புயல் நாளில் சார்ஜ் எங்கே போடுவது? இரண்டு வழியும் இருந்தால் ரொம்ப நல்லது.

2. கட்டை அறையைத் திறந்து பாருங்கள். ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வாங்காதீர்கள். பழைய பெட்டி வாங்கும்போது இதுதான் முதலில்.

3. கடைக்கு உள்ளே ரேடியோவைச் சோதிக்காதீர்கள். எல்.இ.டி. பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் மத்திய அலையில் உர்ர்ர் என்று சத்தம் கொடுக்கும். வெளியே ரோட்டோரம் கொண்டுவந்து கேளுங்கள்.

4. முள்ளைத் திருப்பும் சக்கரம் வழுக்காமல் திரும்புதா? வயசானவங்க கண்ணுக்கு எண் தெரியுதா? பட்டன் நிறைய இருப்பது பெருமை இல்லை. அப்பாயி விரலுக்கு இரண்டு சக்கரம் போதும்.

5. சத்தத்தை முக்கால் அளவுக்கு வையுங்கள். செய்தி வாசிப்பவர் பேசுவது புரியணும். கரகர என்றால் ஸ்பீக்கர் சரியில்லை. பாட்டை வைத்துச் சோதித்தால் இது தெரியாது, பேச்சை வைத்துச் சோதியுங்கள்.

6. கேசட் பெட்டி என்றால், முக்கியமில்லாத கேசட்டைப் போட்டு ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். முன்னால் ஓட்டு, பின்னால் ஓட்டு, நிறுத்து எல்லாம் அமுக்குங்கள். இரண்டு பக்கமும் போடுங்கள். தெரிந்த பாட்டாக இருந்தால் வேகம் சரியா என்று காது சொல்லிவிடும்.

7. சிவப்பு ரெக்கார்டு பட்டனில் கை வைக்காதீர்கள்! பழைய பதிவு அழிந்துவிடும். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் யாராலும் தெரியாமல் அழிக்க முடியாது.

8. பில் கேட்டு வாங்குங்கள். "பில் இல்லாம 50 ரூபா குறைச்சுக்கலாம்" என்றால் வேண்டாம். பில் இருந்தால்தான் குறை வந்தால் கேட்க முடியும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எங்கள் கணக்கு

கடைசியில் நாங்கள் செலவழித்தது இதுதான்.

மத்திய அலையும் எஃப்.எம்.மும் உள்ள, இரண்டு பெரிய கட்டை போடும் புது ரேடியோ: 780 ரூபாய்
டூ-இன்-ஒன் பெல்ட், சுத்தம் செய்தது, கூலி: 350 ரூபாய்
பெரிய கட்டை 2: 70 ரூபாய்
அப்பா பஸ் டிக்கெட், இரண்டு தடவை: 60 ரூபாய்
டீ, வடை: 50 ரூபாய்
மொத்தம்: 1,310 ரூபாய்

மீதி 190 ரூபாயில் அப்பாயி இன்னும் நாலு கட்டை (140 ரூபாய்) வாங்கி அரிசிப் பானை பக்கத்தில் டப்பாவில் போட்டு வைத்திருக்காங்க. "ஐப்பசி, கார்த்திகைக்கு" என்று சொல்லிட்டாங்க. யாரும் டார்ச்சுக்கு எடுக்கக்கூடாது. பாக்கி 50 எனக்கு நோட்டு வாங்க.

தாத்தா பேசினாங்க

பெல்ட் மாத்தி முடித்ததும் மாமா தன்னிடம் இருந்த பழைய கேசட்டை இரண்டு பக்கமும் ஓட விட்டாங்க. அது ஒழுங்கா ஓடியபிறகுதான் தாத்தா கேசட்டைக் கையில் வாங்கினாங்க. ஓடும்போதே என் அப்பாவின் செல்போனில் பதிவும் செய்தாச்சு. ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, யாரும் பேசக்கூடாது என்று சொல்லிப் பதிந்தோம். ஒயர் மூலமாவும் செய்யலாம், இல்லாவிட்டால் இப்படி அமைதியான அறையில் பதிந்தாலும் போதும். இப்போ அது சித்தப்பா செல்போனிலும் இருக்கு, அத்தை செல்போனிலும் இருக்கு. உங்கள் வீட்டில் இந்த மாதிரி கேசட் இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். நாடா வருஷத்துக்கு வருஷம் பலவீனமாகும், ஆனால் கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

தாத்தா பெரிசா ஒன்றும் பேசவில்லை. புது ஆத்துல தண்ணி வந்துடுச்சு, நாத்து விட்டாச்சு, செவலை கன்னு போட்டுச்சு, உடம்பப் பாத்துக்க, வெயில்ல நிக்காத என்று சித்தப்பாவிடம் சொல்றாங்க. நடுவில் போன சம்பாவில் இத்தனை மூட்டை கண்டுச்சு என்று சொல்லும் இடத்தில்தான் நான் கசக்கிய இடம் வருகிறது. அந்த எண் கேட்கவில்லை. குரல் தண்ணியில் முங்கி எழுந்த மாதிரி ஒரு நொடி போய் வருகிறது. நாடா நொடிக்கு 4.76 செ.மீ. என்று படித்தோமே, நான் கசக்கியது கிட்டத்தட்ட ஐந்து சென்டிமீட்டர். ஒரு நொடி.

நான் அழுதுவிட்டேன். அப்பாயி கண்ணைத் திறக்காமலே, "முப்பத்தி ரெண்டு மூட்டை ஆயி. நான்தானே பக்கத்துல நின்னு எண்ணுனேன்" என்றாங்க. அந்த எண்ணை நான் கேசட் உறையின் மேல் எழுதி வைத்திருக்கேன்.

இப்போ காலையில் எங்கள் திண்ணையில் செய்தி கேட்கிறது. பால் ஊத்த வர்றவங்க நின்று வானிலை கேட்டுவிட்டுப் போறாங்க. எனவே தோழர்களே, தோழிகளே, ரேடியோ வாங்கினாலும் வேறு எந்தப் பொருள் வாங்கினாலும், கலரையும் பட்டனையும் பார்க்கும் முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இது நமக்கு எந்த நாளில் வேணும்? அந்த நாளில் இது வேலை செய்யுமா?

உங்கள் வீட்டில் பழைய கேசட்டோ ரேடியோவோ இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். கட்டையை வெளியே எடுத்துவிட்டீர்களா என்று முதலில் கேட்பேன்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி